பழுத்த மூலைகள்

இனி நிறையப் படிப்பதென்று மீனாட்சியம்மன் மேல் சத்தியம் செய்த முத்துக்கருப்பன், விளாங்குடியில் சயரோகத்தில் செத்த வாத்தியாரின் வாசலில் குந்தியிருக்கிறான். வெயிலில் மலையாகப் புத்தகங்கள். அதன் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன. எது நல்ல புத்தகம்? மூலை பழுத்ததாகப் பார்த்துப் பொறுக்குகிறான். படித்த மனுஷன் திரும்பத் திரும்பப் புரட்டியது சோடை போகுமா? வாத்தியார் பெண்சாதி சோலையம்மாள் தீப்பெட்டியோடு எட்டவே நிற்கிறாள். “கொளுத்தத்தான் போட்டேன் தம்பி, வேணாம். எச்சியத் தொட்டுத் தொட்டுப் புரட்டுவாரு. ரத்தமா இருமுனப்பவும் கீழ வைக்கல.” “அப்ப அம்புட்டு நல்ல கதையாத்தான்க்கா இருக்கும்” என்கிறான், தலை நிமிராமல். முதல் பக்கம் முடிகிறது. கண்ணை எடுக்காமல் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பழுத்த மூலையைப் புரட்டுகிறான்.