மூன்று முறை வராதவன்

"மூணாவது தடவையும் முனாப் வரலை. 'வரவில்லை'ன்னே எழுதிக்கோங்க!"

பொருளாதாரப் பேராசிரியர் ராஜப்பன் மேசையைத் தட்டியதில் டீ டம்ளர் ஒன்று கவிழ்ந்தது.

எண்பத்தொன்றாம் வருஷம். ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம். தர்மபுரியில் அந்தக் கல்லூரியும் தன் பங்குக்கு ஒரு கமிட்டி போட்டது. ராஜப்பன் தலைவர். போலியோவில் இரண்டு கால்களும் போன நல்லம்பள்ளி மாணவன் முனாப்பையும் உறுப்பினராகச் சேர்த்தவர் அவர்தான். "கஷ்டம் யாருக்கோ அவனைக் கேட்டுத்தான் எதையும் செய்யணும்" என்று பிரின்சிபாலிடமே வாதாடினார்.

எவ்வளவு ஆசையாக ஆரம்பித்தது! சைக்ளோஸ்டைல் நோட்டீஸ், விரலெல்லாம் மை, ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ, ஜன்னலைத் திறந்தால் புளியமர உச்சியில் கிளிகள். அந்த நாட்களை நினைத்தால் ராஜப்பனுக்கு இன்றும் மனசு இளகிவிடும். அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் நினைக்கப் பிடிக்காது.

"சாய்வுப் பாதை ஒண்ணு கட்டிடலாம் சார். கலெக்டரைக் கூப்பிட்டுத் திறப்போம்" என்றார் சென்னப்பன் சார்.

"எந்த இடத்துலன்னு அவனைக் கேக்க வேணாமா?" என்றார் ஹசீனா மேடம்.

"வந்தாத்தானே மேடம் கேக்கறது? பந்தல் போட்டு மேளமும் வந்தாச்சு. மாப்பிள்ளையைத்தான் காணோம்!" என்றார் சென்னப்பன் சார்.

ராஜப்பன் கதவோரம் நின்ற அட்டெண்டர் பக்கம் திரும்பினார். "மாதையா, நோட்டீஸ் குடுத்தியா?"

"கையிலயே குடுத்தேனுங்க. கண்டிப்பா வரேன்னுச்சுங்க."

"சொல்றதுக்கென்ன காசா பணமா? நாம இவ்வளவு பாடுபடறோம், தொரைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியலை!"

முனாப் பெயரை நீக்கித் தீர்மானம் எழுதினார். கோபத்தில், நோட்டீஸ் போர்டில் தானே ஒட்டப்போவதாகத் தாளில் பசை தடவிக்கொண்டு, படிகளில் தடதடவென்று இறங்கினார்.

கடைசிப் படியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இடித்துக்கொள்ளாத குறை.

முனாப். பக்கத்தில், கக்கத்தில் வைத்து ஊன்றும் இரண்டு கட்டைகள்.

"முடியற நேரத்துலதான் வருவியா?"

"மூணு மணிக்கே வந்துட்டேனுங்க சார். போன ரெண்டு தடவையும் இங்கதானுங்க இருந்தேன். நாலரை பஸ் கண்டக்டர் அண்ணன்தான் தூக்கி ஏத்துவாருங்க. அதை விட்டா ஊருக்குப் போக முடியாதுங்க, அதான் போயிட்டேன்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"பெரியவங்க மீட்டிங்ல சத்தம் போடலாங்களா? யாராச்சும் வெளியே வருவீங்கன்னு பாத்தேனுங்க."

தீர்மானத் தாள் ராஜப்பனின் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

முனாப் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். "எனக்கு என்ன வேணும்னு எழுதிட்டு வரச் சொன்னீங்களே சார். முதல் மீட்டிங்குக்கு வந்த அன்னிக்கே எழுதினதுங்க."

பிரித்தார். ஒரே ஒரு வரி.

'அடுத்த கூட்டத்தை மாடியில் வைக்காமல் கீழே வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'