பஞ்சடைத்த சிறுத்தை

"அது உயிருள்ள சிறுத்தையே இல்லைங்கிறாங்க, அண்ணா. உள்ள பஞ்சு அடைச்சு வச்சதாம்."

பத்திரிகை ஆசிரியை கணினித் திரையைப் புகைப்படக்காரர் பக்கம் திருப்பினாள். பனி படிந்த பாறை, அதன் மேல் கேமராவை நேராகப் பார்க்கும் ஒரு பனிச்சிறுத்தை. அந்த மலைத்தொடரில் இந்த இனம் அற்றுப்போய்விட்டது என்று நிபுணர்கள் எழுதி முடித்த பிறகு எடுத்த படம். ஆண்டின் சிறந்த வனவிலங்குப் படம் என்று நடுவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

புகைப்படக்காரர் அசையாமல் படத்தையே பார்த்தார். மலையில் மறைவாக நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் 'பாறை' என்று பெயர். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. அவருடைய பாதிப் பயணங்களில் கேமரா முக்காலியைச் சுமந்தவள் அவள்தான்.

"யாரு சொல்றா?" என்றார் கடைசியில்.

"நடுவர்ல ஒருத்தர். அவ்வளவு குளிர்ல மூச்சு ஆவியாத் தெரியலையாம். நான் விட்டேனா? மூச்சை உள்ள இழுக்கிறப்ப எடுத்திருப்பாரு, நீங்க என்ன வெளிய விட்டுக்கிட்டே இருக்கீங்களான்னு கேட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை.

"சின்ன வேலைதான், அண்ணா. இதுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணு, பின்னாடி எடுத்தது ஒண்ணு குடுங்க. வால் கொஞ்சம் அசைஞ்சிருந்தாப் போதும், அந்த ஆள் வாயை மூடிருவாரு."

"இது ஒண்ணுதான் இருக்கு."

"என் கல்யாணத்துல நான் தும்முனதுக்கே எட்டுப் படம் எடுத்தவரு நீங்க."

"இது ஒண்ணுதான்மா."

"சரி, இடத்தையாவது சொல்லுங்க. நடுவர் குழுவுலேருந்து ரெண்டு பேர் போய்ப் பார்ப்பாங்க. அவங்க மட்டுமா கேட்கிறாங்க? படம் வந்ததுலேருந்து ஊரே அதைத்தான் கேட்குது. சுற்றுலாக்காரன், ட்ரோன் வச்சிருக்கிறவன்... நேத்து ஒருத்தன் தோல் என்ன விலை போகும்னு கேட்கிறான். போன் வயரைப் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்."

"இடம் ஞாபகமில்லை."

ஆசிரியை அவரை உற்றுப் பார்த்தாள். குரல் இறங்கியது. "போன வாரம் மறுபடி அங்க போனீங்களே. அப்பவும் ஒண்ணும் எடுக்கலையா?"

"கேமராவைப் பையிலேருந்து வெளிய எடுக்கவே இல்லை."

"விளையாடாதீங்க அண்ணா. விருது போனாப் போகட்டும். மோசடின்னு அறிவிச்சுட்டா உங்க பேரே போயிரும். இனி எந்தப் பத்திரிகையும் உங்களைக் கிட்டச் சேர்க்காது. இதுவரைக்கும் நீங்க எடுத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. ஒரு வாழ்நாள் உழைப்பு." பிறகு மனைவியிடம் திரும்பினாள். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. நீங்களும் கூடத்தானே இருந்தீங்க?"

மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கினாள். "நான் கூடாரத்துல இருந்தேன். அவர் என்ன சொல்றாரோ அதுதான்."

புகைப்படக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பஞ்சு இல்லை. வைக்கோல்."

"என்னது?"

"மூடிப்போன அருங்காட்சியகம் ஒண்ணுல கிடந்துச்சு. மீசை மட்டும் புதுசா ஒட்டினேன். நானே தூக்கிட்டுப் போய்ப் பாறை மேல வச்சேன். அப்படியே எழுதிப் போடு. பெரிய எழுத்துல போடு. அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்காதே, இன்னைக்கே இணையத்துல போட்டுரு."

ஆசிரியை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது அவள் குரல் உடைந்திருந்தது. "உங்களுக்காக அந்த ஆளோட சண்டை போட்டேனே, அண்ணா."

"தெரியும்மா. மன்னிச்சுக்கோ."

எப்போதும் லிஃப்ட் வரை வந்து வழியனுப்புவாள். இன்று நாற்காலியை விட்டு எழவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்து பாதி வழி போவதற்குள் செய்தி வெளியாகிவிட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருக்க, மனைவி கைபேசியில் வந்த கருத்துகளைத் தாழ்ந்த குரலில் வாசித்தாள்.

"'இவன் எடுத்த யானையும் ரப்பராத்தான் இருக்கும்'னு ஒருத்தன் எழுதியிருக்கான்."

"எழுதட்டும்."

"'கூசாம எப்படித்தான் விருது வாங்கப் பார்த்தானோ'ன்னு ஒரு அம்மா."

"ம்."

கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "'பாறையோட நிறத்தை வச்சு இடத்தைக் கிட்டத்தட்டக் கண்டுபிடிச்சிருந்தோம். நாளைக்கு நாலு வண்டியில மலைக்குக் கிளம்புறதா இருந்தோம். நல்லவேளை, எல்லாத்தையும் ரத்து பண்ணியாச்சு.'"

அவர் திரும்பினார். "அதை இன்னொரு தடவை படி."

படித்தாள். அவர் சாய்ந்து உட்கார்ந்து, அன்று முதல் முறையாக நீளமாக மூச்சு விட்டார்.

மனைவி கைபேசியை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு குட்டியும் இந்நேரம் கண்ணைத் திறந்திருக்கும், இல்ல?" என்றாள்.