மீனாச்சியின் சாட்சி

இந்தியாவில் இருந்த மனைவி கோகிலாவை மலாக்காவுக்கு அழைத்துவர சுப்பையன் தவித்துக்கொண்டிருந்தார். நெடுநாள் பிரிந்திருந்த மனைவிமாரை இனி உள்ளே விடாத புதுச் சட்டம் வரப்போகிறது என்று 1959-இல் ஊரே பதறியது.

"பெர்மிட் எடுத்துத் தாரேன்" என்ற ஏஜெண்டு சின்னப்பாவை அவர் உடனே நம்பிவிடவில்லை.

"நீங்க கூட்டியாந்தவங்க யாரையாச்சும் காட்டுங்க."

"காஜா பேராங்ல மீனாச்சின்னு ஒருத்தவங்க இருக்காங்க. நான் கூட வந்தா சொல்லிக்கொடுத்ததா நினைப்பீங்க. தனியாவே போய்க் கேளுங்கண்ணே."

சுப்பையன் போய்க் கேட்டார். மீனாச்சி தயங்காமல் சொன்னாள்.

"பெர்மிட்டு, கப்பல் டிக்கெட்டு எல்லாம் அவர்தான் எடுத்தாரு. அவரு இல்லேன்னா நான் இன்னும் காரைக்குடியிலதான் இருப்பேன்."

அன்றே சுப்பையன் தம் சேமிப்பு முழுவதையும் சின்னப்பாவிடம் கொடுத்தார்.

சட்டம் வந்தது. பெர்மிட் வரவில்லை. சின்னப்பாவையும் காணோம்.

சுப்பையன் மீனாச்சி வீட்டுக்கு ஓடினார்.

"எங்கம்மா அந்த ஆளு? உன் பொய்யை நம்பி என் பொண்டாட்டி அங்கேயே நின்னுட்டாளே!"

அழுது வீங்கிய கண்களோடு மீனாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போனாருன்னு எனக்கும் தெரியலண்ணே. ஆனா நான் பொய் சொல்லல. கட்டின பொண்டாட்டி என்னைய அவருதானே கூட்டியாந்தாரு?"