பொட்டு வைத்த பெல்ட்

1964 தைப்பொங்கல் காலையில், சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் குழந்தைவேலுவின் புதிய வோல்வோ காருக்குப் பூசை நடந்தது. குருக்கள் சக்கரங்களுக்கும் இருக்கை பெல்ட்டுகளுக்கும் குங்குமம் வைத்தார்.

"பெல்ட்டைப் போட்டுக்க, பூவம்மா. இதுக்காகத்தானே இந்தக் காரையே வாங்குனேன்."

"பொட்டு வச்சுக் கும்பிட்டதை இடுப்புல கட்டுறதா? வேணாம்லா," என்று மனைவி அதைக் கதவோரக் கொக்கியிலேயே விட்டுவிட்டாள்.

திரும்பும் வழியில் ஒரு லாரி காரின் முன்பக்கத்தில் மோதியது. பூவம்மாவின் தலை கண்ணாடியில் இடிக்கவில்லை. அவளுடைய பெல்ட் கொக்கியில்தான் தொங்கியது. குழந்தைவேலு அதை மறுபடியும் பார்த்தார்.

மருத்துவமனையில், அவளது தோளிலிருந்து இடுப்புவரை பட்டையாகக் கன்றியிருந்த இடத்தை டாக்டர் பார்த்தார்.

"பெல்ட் போட்டதாலதான் தப்பிச்சீங்கம்மா."

இருவரும் டாக்டரைக் கும்பிட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.