நீல விளக்கு

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலைச் சிற்றூரில் கள்ளச்சாராய விழிப்புணர்வுப் படம் திரையிடப்பட்டது. பார்த்தவர்கள் அறுபத்து நான்கு பேர்.

அடுத்த புதன்கிழமை, படத்தின் பலனை அளக்க ஷாலினி படிவத்தோடு வந்தாள்.

நான்காம் கேள்வி: படத்தின் காட்சி ஏதேனும், நீங்கள் நினைக்காமலே மனதில் வந்துபோகிறதா?

எல்லோரும் ஆம் என்றார்கள். தூக்கத்தில் வருகிறது. மரவள்ளி பிடுங்கும்போது வருகிறது.

எது வருகிறது என்ற கேள்வி படிவத்தில் இல்லை. அவளாகத்தான் கேட்டாள்.

பிணங்களை ஒருவரும் சொல்லவில்லை. பிணங்களுக்குச் சற்று முன்னால், ஆம்புலன்சின் தலையில் சுழன்ற நீல விளக்கைச் சொன்னார்கள்.

ஷாலினி உளவியல் படித்தவள். கொடுமைக்குச் சற்றுமுன் கண்ணில் பட்டதைத்தான் மூளை பத்திரப்படுத்தும். அடுத்த முறை எச்சரிக்க அதுதான் உதவும். அவளுடைய பாடத்தில் இருந்தது. படம் எடுத்தவர்கள் வேறு பாடம் படித்திருந்தார்கள்.

அன்று பதினொரு மணிக்குக் காட்டில் ஊர்க்காரர் முருகவேலைப் பாம்பு கடித்தது. ஷாலினிதான் போன் செய்தாள். நாற்பதாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, விளக்கைச் சுழற்றிக்கொண்டு.

முருகவேலின் மனைவி சாமியம்மாள் வண்டிக் கதவை மறித்து நின்றாள்.

"அதுல ஏறுனவன்லாம் துணி மூடித்தான எறங்குனான்? நீங்கதானம்மா படம் போட்டுக் காட்டுனீங்க!"

டிரைவர் விளக்கை அணைத்தார்.

"இன்னும் சுத்திக்கினுதான் இருக்குது" என்றார் முருகவேல். அவர் கண்கள் மூடியிருந்தன.

அதே ஊர் மாதனின் ஜீப்பை வரவழைத்தார்கள். நான்கு பேர் முருகவேலைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாதனிடமிருந்து சாராய நெடி குப்பென்று அடித்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. படத்தில் நெடி இல்லை.

ஷாலினி தடுத்துப் பார்த்தாள். ஜீப் கிளம்பிவிட்டது.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கியிருந்தது. படத்தின் தாக்கம்: 'மிக அதிகம்' என்பதில் குறியிட்டாள். அது பொய்யில்லை.

மூன்றாவது வளைவில் ஜீப் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. காலியாகப் பின்னால் வந்த ஆம்புலன்ஸ்தான் முருகவேலை ஏற்றிக்கொண்டது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவரை இறக்கும்போது துணி மூடியிருந்தது.