களிம்பு ஏறிய காசு

பழைய காசுகளைச் சேர்ப்பதில் ஒரு பெருச்சாளிக்கு ஆசை அதிகம். கோடை தொடங்கும்போது ஒரு தவளை செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தது.

"அண்ணே, குளத்துச் சேத்துல கிடைச்சுது. இதை வாங்கிக்கிட்டு, நான் வெயிலுக்கு ஒதுங்க ஆழமா ஒரு வளை தோண்டித் தருவீங்களா?"

காசில் பச்சைக் களிம்பு ஏறி, ஓரம் தேய்ந்திருந்தது. ஆனால் நடுவில் மீன் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. பெருச்சாளி வெகுகாலமாகத் தேடிய காசு அதுதான். ஆழமாகத் தோண்டத்தான் அதற்குச் சோம்பல்.

"இவ்வளவு அழுக்கா இருக்கே தம்பி! இதுக்குச் சின்னப் பள்ளமே அதிகம்" என்று முகம் சுளித்தது.

தவளை கூசிப்போய்க் காசோடு திரும்பியது. மறுநாள் வந்தபோது அதன் கைகளில் தோல் உரிந்திருந்தது. காசு பளபளத்தது. மீன் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

"மணல் போட்டு நாளெல்லாம் தேய்ச்சேன் அண்ணே. நீங்க சொல்லலேன்னா அந்த அழுக்கோடவே வேற யார்கிட்டயாவது நீட்டி அவமானப்பட்டிருப்பேன். இப்ப நல்லா இருக்கா?"

பெருச்சாளியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லா இருக்கு" என்று காசை வாங்கிக்கொண்டு தோண்டத் தொடங்கியது. ஈரமண் வந்தது.

"போதும் அண்ணே, இவ்வளவு ஆழம் வேணாம்" என்று தவளை மேலிருந்து சொல்லச் சொல்ல, அது தலையைத் தூக்காமல் தோண்டிக்கொண்டே இருந்தது.