நடுவில் உட்கார்ந்த சைபர்

இந்தக் காலத்தில் எதிரே நிற்கிற ஆளை யார் பார்க்கிறார்கள்? கம்ப்யூட்டரின் முகத்தைப் பார்த்துத்தான் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். அந்த ஆராய்ச்சி டாக்டரம்மாவும் அப்படித்தான் கேட்டார்.

ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளர் சங்கத் தலைவர், கையிலிருந்த பெரிய பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"ஐயா, அன்பளிப்பெல்லாம் நாங்க வாங்கக் கூடாது."

"உங்களுக்கு யாரு தந்தா?" தலைவர் டப்பாவை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது. அப்படியே தரையில் குந்தினார், எழுந்தார், மறுபடி குந்தினார்.

"போன வருஷம் கக்கூசுல உட்கார்ந்தா என்னைத் தூக்க ரெண்டு மகனும் வரணும். இப்பப் பாருங்க. சங்கத்துல எல்லாருக்கும் இப்படித்தான். மாத்திரையை நிறுத்தப் போறீங்கன்னு நர்சம்மா சொல்லுது, நிசமா?"

டாக்டரம்மாவின் கண் கலங்கியிருந்தது. அந்த மூட்டுவலி மாத்திரைக்காகக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டு உழைத்தவர். சாயங்காலத்துக்குள் 'பலன் தெரியவில்லை' என்று கையெழுத்துப் போட்டால் மாத்திரை குப்பைக்குப் போய்விடும்.

"ஐயா, உங்க சங்கத்துல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்தோம். யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. முதல் நாளே இதைச் சொல்லித்தானே உங்களைச் சேர்த்தோம்?"

"சொன்னீங்க. அது எனக்கு அன்னைக்கே பிடிக்கல."

"இன்னைக்குத்தான் பிரிச்சுப் பார்த்தோம். மருந்துக்காரங்களுக்கு வலி எவ்வளவு குறைஞ்சிருக்கோ, மாவுக்காரங்களுக்கும் அவ்வளவு குறைஞ்சிருக்கு. உங்களுக்கு வந்ததே மாவுதான்."

தலைவர் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். "மாவைத் தின்னுட்டா இந்தக் குந்து குந்துறேன்?"

"மனசு பண்ற வேலைங்க." டாக்டரம்மா திரையை அவர் பக்கம் திருப்பினார். அதில் ஒரு படுக்கைக் கோடு. "ரெண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், மைனஸ் மூணுல இருந்து பிளஸ் மூணு வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். இதுக்கு நம்பிக்கை இடைவெளின்னு பேரு."

"நம்பிக்கையில இடைவெளி விழுந்தா எங்க பட்டறையில அதுக்குச் சந்தேகம்னு பேரு."

"நடுவுல சைபர் உட்கார்ந்திருக்கு பாருங்க. அது அங்க இருக்கிற வரைக்கும் மருந்துக்குப் பலன் இருக்குன்னு சொல்ல முடியாது."

"அதை எழுந்திரிக்கச் சொல்லுங்க. நானே எழுந்திரிக்கிறேன்."

டாக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பலன் இல்லைன்னும் நான் சொல்லலைங்க. இருக்குன்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னுதான் சொல்றேன்."

"என் சின்ன மருமகன் பேச்சே தேவலை."

"கணக்கு பொய் சொல்லாது ஐயா."

"என் முட்டியும் சொல்லாது."

தலைவர் திரையிலிருந்த கோட்டை ஒரு முறை முறைத்துவிட்டு, நொண்டாமல் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். வெளியே சங்கத்து ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். டப்பா இடுப்பில் கலகலத்தது.

"அந்த டப்பாவுல என்னங்க?" என்றார் டாக்டரம்மா, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபடி.

தலைவர் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு மாவுன்னா சங்கம் ஒத்துக்குமா? முதல் நாள்ல இருந்தே எல்லார் மாத்திரையையும் இதுல கொட்டிக் கலக்கித்தான் பங்கு போடுறோம்."